எங்கள் குகைத் துறவியைக் களவாடிய மைத்துனருக்கு

மார்டன் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் கிடியன் மாப்பிள்ளைக்கு, ஹேசல்கோம்ப் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரன் ஜெத்ரோ பின்னாக் எழுதுவது. நீரும் என் தங்கை டபிதாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் சொல்லப்போவதைக் கேட்க உமக்குத் தெம்பு வேண்டுமல்லவா. எங்கள் பூங்காக் குகையிலிருந்த துறவியை நீர் திருடிக்கொண்டு போய்விட்டீர்.

நாங்கள் ஓடையை மறித்து ஏரி வெட்டினோம். உம் ஏரி அதைவிடப் பெரிதாக, நடுவில் தீவோடு வந்தது. நாங்கள் பாழடைந்த கோயில் ஒன்றைப் புதிதாகக் கட்டினோம். உம்முடையது எங்களுடையதைவிட நன்றாகப் பாழடைந்திருக்கிறது. வயிறு எரிந்ததே தவிர வாயைத் திறந்தேனா? ஆனால் அமோஸ் விஷயம் வேறு. முடி வெட்டாமல், நகம் களையாமல், யாரோடும் பேசாமல் விருந்தாளிகள் வேடிக்கை பார்க்க ஏழு வருஷம் குகையில் இருப்பதாக, சம்பளம் பேசிக்கொண்டு, எங்கள் எஜமானர் சர் லாம்பர்ட்டுக்கு வாக்குக் கொடுத்தவன் அவன். அந்தத் தாடியைச் சிக்கெடுத்து, சுள்ளி பொறுக்கி, ரோஜாச் செடியைப் போல வளர்த்தவன் நான். உம் ஆள் வந்து, "எங்க குகையில கணப்பு இருக்கு பெரியவரே, புகைபோக்கிகூட வச்சிருக்கோம்" என்றானாம். இவன் எழுந்து போய்விட்டான். நான் உங்கள் வேலியோரம் நின்று, "ஏண்டா அமோஸ், உனக்கு என்னடா குறை வச்சேன்?" என்று கேட்டேன். அவன் தாடியை நீவிக்கொண்டு வானத்தைப் பார்த்தான். இங்கே இருந்தவரை சாராயக்கடையில் ஊர்க்கதை அளந்தவன், உம்மிடம் வந்ததும் மௌனவிரதம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லண்டன் சீமாட்டிகள் வருகிறார்கள். "குகை காலியா இருந்துச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்க ஜெத்ரோ" என்று சர் லாம்பர்ட் சொல்லிவிட்டார். இந்த வயதில் எந்தத் தோட்டத்தில் என்னைச் சேர்ப்பார்கள்? சனிக்கிழமைக்குள் அமோஸைத் தாடி குறையாமல் அனுப்பிவையும். டபிதாவுக்கு என் ஆசி. உமக்கு, அவன் வந்து சேர்ந்த பிறகு.

இப்படிக்கு,
ஜெத்ரோ பின்னாக்

பி.கு.: கடிதத்தை அனுப்புவதற்குள் சீமாட்டிகள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கயிற்று நாரைத் தாடியாகக் கட்டிக்கொண்டு நானே குகைக்குள் உட்கார்ந்து, உம்மை நினைத்துக்கொண்டேன். "ஒலகத்துத் துக்கமெல்லாம் இவர் கண்ணுல தெரியுதே" என்று ஒரு சீமாட்டி அழுதே விட்டாள். மார்டன் துறவி இவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்றும் சொன்னாளாம். ஆகவே அமோஸை நீரே வைத்துக்கொள்ளும். சர் லாம்பர்ட் எனக்குக் கனமான கம்பளி ஒன்று தர வேண்டும். களையெடுப்பை என் துணையாள் பெர்கின் பார்த்துக்கொள்ள வேண்டும். டபிதா வாரம் ஒருமுறை ஆட்டுக்கறி சமைத்துக் குகையின் பின்பக்கமாகக் கொடுத்தனுப்ப வேண்டும். நீர் உம் எஜமானரை அழைத்துவந்து, எதிரே புல்வெளியில் நின்று, வெகுநேரம் என்னைப் பார்க்க வேண்டும். பேச்சுக் கொடுக்கக் கூடாது.