என் கிராக் துப்பாக்கிக்கு ஏற்ற குண்டு

ரேனா
ஆகஸ்ட் கடைசி வியாழன்

என் மதிப்புக்குரிய மைத்துனரும் நம் மூஸ் மான் வேட்டைக் குழுவின் தலைவருமாகிய டோர்கெய்ருக்கு, ஓஸ்முண்ட் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காள் குன்வோரும் சுகம். வடக்கே மகள் வீட்டில் நீயும் உன் புது நாய்க்குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது. இனி சண்டைக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சுடும் தேர்வில் நான் தேறாவிட்டால், வேட்டையில் நான் மானுக்குக் காத்திருக்கும் குளத்தோர இடத்தை ஸ்வேரேக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாய். அந்தப் பாறையில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து பாறையே என் அளவுக்குப் பள்ளமாகிவிட்டது. அதில் நம் குழுவில் நேற்று முளைத்த ஸ்வேரே வந்து உட்காருவதா? நீ தலைகீழாக நின்றாலும் நடக்காது. "அந்தப் பழைய கிராக் பட்டாளத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டுப் புதுசு வாங்குங்கள்" என்றும் புத்தி சொல்லியிருக்கிறாய். என் அப்பா பட்டாளத்து ஏலத்தில் எடுத்த துப்பாக்கி அது. கோளாறு துப்பாக்கியில் இல்லை, குண்டில் இருக்கிறது. அதுவும் முதன்முதலில் நீ கொடுத்த குண்டில்!

நடந்ததைக் கேள். ஈயம் கூடாது, காலம் மாறிவிட்டது என்று சொல்லி நீ ஒரு பெட்டி செப்புக் குண்டு கொடுத்தாய் அல்லவா, அதை நம்பி, வீட்டிலேயே கூட்டில் வெடிமருந்தும் அந்தக் குண்டும் வைத்துத் தோட்டா அடைத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போனேன். அங்கே போனால் நான் எப்போதும் படுத்துச் சுடும் மூன்றாம் இடத்தில் ஸ்வேரே பாயை விரித்துப் படுத்திருக்கிறான். "எழுந்திருடா, அது என் இடம்" என்றேன். "இடத்துல உங்க பேரா எழுதியிருக்கு அண்ணே? நாலு காலியாத்தானே கிடக்கு" என்றான். சரி, இடம் மாறினால் என்ன, என் கண்ணும் கையும் மாறிவிடுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாலில் படுத்தேன். வழக்கம்போலச் சாய்ந்த பிர்ச் மரத்துக்கு நேரே பார்த்து, மூச்சை அடக்கி, அழகாகச் சுட்டேன். போய்ப் பார்த்தால் என் குறி அட்டை, கடையில் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது! ஸ்வேரே தன் அட்டையைக் கழற்றி எல்லோருக்கும் காட்டுகிறான்: "பாருங்க, எல்லா ஓட்டையையும் ஒரு காப்பிக் கோப்பையால மூடிடலாம்! இந்தத் துப்பாக்கி நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே சுடுது." நான் என் வெற்று அட்டையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் செப்புக் குண்டுப் பெட்டி இப்போது கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. அதற்குத்தான் லாயக்கு.

அடுத்த வாரம் அந்தக் காலத்து மொண்ணை மூக்கு ஈயக் குண்டுக்கே திரும்பினேன். கனமானது, நீளமானது, இந்தத் துப்பாக்கிக் குழாய்க்கென்றே பிறந்தது. ஸ்வேரே மூன்றை விடவில்லை, நான் மறுபடியும் நாலில். அட்டை வெறுமை. குழாயில் குண்டு நுழையும் தொண்டை தேய்ந்திருக்கும், குண்டை இன்னும் முன்னால் தள்ளி உட்கார வைக்கலாம் என்று யோசித்து அப்படியே அடைத்தேன். தோட்டா நீண்டுபோய்த் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டிக்குள் அடங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் நேரே குழாயில் போட்டுச் சுட்டேன். அப்போதும் வெறுமை. மருந்தைக் கூட்டலாம் என்றால் கிராக்கின் பூட்டை, வெடிக்கும்போது பின்னால் பறக்காமல் முன்னால் தாங்குவது ஒரே ஒரு பல், அதோடு விளையாட முடியாது. ஆகவே குறைத்தேன். வெறுமை! இதற்கு நடுவில் தோட்டாவின் பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்துமுன் தடவும் கம்பளிக் கொழுப்பு தீர்ந்துபோய், உன் அக்காள் கைக்குப் போடும் களிம்பை எடுத்துத் தடவ, கூடு அச்சுக்குள் சிக்கிக்கொண்டது. நான் அச்சின் நெம்புகோலில் தொங்க, அதைப் பூட்டியிருந்த, ரொட்டி மாவு பிசையும் மேசையின் பலகை அச்சோடு பெயர்ந்து வந்து லிங்கன்பெர்ரி ஜாம் ஜாடிகள்மேல் விழுந்தது.

"இந்த மேசையில மாவு பிசையறதா, மருந்து அளக்கறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க" என்றாள் உன் அக்காள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் மருந்துதான்" என்றேன். இன்றோடு மூன்று நாளாகக் கடை ரொட்டி.

ஆனாலும் விடமாட்டேன். மொண்ணை மூக்கு, மிதமான மருந்து, இதுதான் என் முடிவு. ஞாயிற்றுக்கிழமை தேறுவேன். குளத்தோர இடம் என்னுடையது. ஸ்வேரே அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. உன் மகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசி. வரும்போது உலர்ந்த மீன் கொண்டுவா. கோபம் வேறு, மீன் வேறு.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உன் அத்தான்,
ஓஸ்முண்ட்

பின்குறிப்பு (ஞாயிறு மாலை): கடிதத்தைத் தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். எழுதியதைக் கிழிக்கும் பழக்கம் எனக்கில்லை, ஆகவே இதையும் சேர்த்துப் படி. இன்று குன்வோர் சுடுதளத்துக்கு வாஃபிள் அப்பம் சுட வந்தாள். தேர்வுக்கு முன் நான் இரண்டு ரவுண்டு சுட்டுப் பார்த்ததைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "ஏங்க, எந்த அட்டையைச் சுடுறீங்க?" என்றாள்.

"என்னைக்கும் சுடுற அட்டையத்தான். சாஞ்ச மரத்துக்கு நேரே இருக்கே, அது."

"அது மூணாவது. நீங்க படுத்திருக்கறது நாலுல."

கூடியிருந்தவர்கள் வாஃபிளை மெல்வதை நிறுத்திவிட்டார்கள். ஸ்வேரே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வாரமும் அவன் சுட்டதெல்லாம் பின்னாலிருக்கும் மணல் மேட்டில்தான்; அவன் அட்டையில் விழுந்ததெல்லாம் என் குண்டு. தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த முதல் வாரத்து அட்டையைக்கூட எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். காப்பிக் கோப்பையால் மூடக்கூடிய அந்த ஓட்டைகள் உன் செப்புக் குண்டு போட்டவை. வேறெந்தக் குண்டும் அத்தனை நெருக்கமாக விழவில்லை. மன்னித்துக்கொள். அந்தக் குண்டில் அடைத்து என் பையில் மிச்சமிருந்த தோட்டாக்களால் என் அட்டையையே சுட்டுத் தேறினேன்.

ஸ்வேரே இரண்டு முறை தோற்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. அவன் துப்பாக்கிக்கும் அதே அளவுத் தோட்டாதான், என் மிதமான மருந்து அதை ஒன்றும் செய்யாது. மொண்ணை மூக்குத் தோட்டாவில் ஐந்தைக் கையில் கொடுத்தேன். மூன்றாம் முறை ஓரத்தில் தொற்றிக்கொண்டு தேறிவிட்டான். ஆகவே குளத்தோர இடத்தை அவனுக்கே கொடு. அங்கேதான் மான் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். வேறெங்கே நிறுத்தினாலும் உன் நாய்க்குட்டிக்குத்தான் ஆபத்து. என்னைச் சதுப்பின் அக்கரையில், எவ்வளவு தூரமானாலும் சரி, நிறுத்து. செப்புக் குண்டு இன்னும் ஒரு பெட்டி வேண்டும்.

பாறைப் பள்ளம் என் அளவுக்கு ஆனது. அவனை ஒரு மெத்தை கொண்டுவரச் சொல்.