தனிமையில் வளர்ந்தவனுக்கு வந்த தாய்மாமன் சீர்

சோகமானவன்தான் எழுத்தாளன் என்பது சின்ன வயதிலிருந்தே என் திடமான நம்பிக்கை. எனக்கோ சோகப்பட ஒன்றுமே வாய்க்கவில்லை. தேனிப் பக்கம் கம்பத்தில் மாமாவுக்குத் திராட்சைத் தோட்டம். பழப்பெட்டிக்குள் விரிக்க வாங்கிவைத்த தாளில்தான் நான் கதை எழுதுவேன். "மாப்ள, கொஞ்சம் மிச்சம் வைய்யி, பழம் நசுங்கிரும்" என்பார் மாமா. நான் அனுபவித்த அதிகபட்சக் கொடுமை அதுதான். (சில கதைகள் பெட்டியோடு கேரளாவுக்கே போயிருக்கின்றன. அங்கன யாரும் புகார் சொன்னதாகத் தெரியவில்லை.)

ஆகவே முதல் சிறுகதைத் தொகுப்பின் பின்னட்டைக்கு என்னைப் பற்றி நானே எழுதிக் கொடுத்தேன்: 'எழுதத் தாளின்றி, கேட்க ஆளின்றி, தனிமையில் வளர்ந்தவர்.'

சென்னைப் பதிப்பாளர் உருகிவிட்டார். "வெளியீட்டுக்கு நானே தேனிக்கு வருகிறேன். உங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நீங்கள் அனுப்பியிருக்கும் சோக நாவலையும் அங்கேயே பேசி முடித்துவிடலாம்."

வீட்டில் மூச்சு விடவில்லை நான். ஆனால் சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா, பையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்துவிட்டாள். அதில் 'விழா' என்று இருந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் இல்லாமல் விழா உண்டா?

மாடி அரங்கில் பதிப்பாளர் என் தனிமையை மைக்கில் விவரித்துக்கொண்டிருந்தபோது தெருவில் கொட்டுச் சத்தம்.

"யார் வீட்டிலோ காதுகுத்து சார்" என்றேன்.

காதுகுத்து படியேறி வந்தது. முன்னால் மாமா, பின்னால் தாம்பாளங்களோடு அத்தைமார், கடைசியில் ஒரு கிடா. (கிடாவும் மாடியேறியது.) மாமா எனக்கு மாலை போட்டு, தலைப்பாகை கட்டி, புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையை மைக்கிலேயே வாசித்தார். கொட்டு நின்றது.

"ஏலே, தாளில்லாமயா வளந்த?"

"மாமா, அது இலக்கியம்..."

"அப்ப நான் குடுத்ததென்ன, வாழையிலையா?"

அத்தை விடவில்லை. "ஆளில்லையாமுல்ல! வேன் பிடிச்சு வந்த நாங்கல்லாம் என்ன, பேயா?"

பதிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன்; சிரித்திருக்கிறார். கறிச்சோறு முடிந்ததும் நாவலை என் கையிலேயே திருப்பித் தந்தார். "இது வேண்டாம். இன்றைக்கு நடந்ததை எழுதுங்கள்."

எழுதினேன். இன்றுவரை அந்த வகையறாதான் எனக்குச் சோறு போடுகிறது. சோக நாவல் திராட்சைப் பெட்டிகளுக்குள் விரிப்பாகப் போனது. பழம் நசுங்கவில்லை என்று மாமா பாராட்டினார்.

இன்றைக்கும் நான் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் மாமாவின் குரல் முந்திக்கொள்ளும்: "தனிமையில வளந்தவுக வந்திருக்காக, கூட்டத்தப் பாத்தா பயந்துக்கிருவாக. ஓரமா ஒரு இலையப் போடுங்கப்பா!"