அப்பாவுக்கு மெயிலில் வந்த மகன்

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். பெயர் ராபர்ட். அவனைப் பற்றி எனக்குத் தெரியவந்தபோதே அவன் செத்துப் போயிருந்தான். அவனைக் கண்டுபிடித்துக் குடும்பத்துக்குள் கூட்டிவந்தவள் நான்தான் என்பதால், அவனால் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை எழுதும் உரிமையும் எனக்கே உண்டு.

இது இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. நாங்கள் திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருந்தோம். அப்பா பீட்டர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மைக் முன்னால் நின்று வேதாகமம் வாசிப்பவர். அம்மா லூர்து மேரி, அப்பாவின் முகத்தை வாசிப்பவர். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் கம்ப்யூட்டரைத் தொட வாரத்துக்கு ஒருமுறைதான் விடுவார்கள், அன்றைக்கென்று கரண்ட் போய்விடும். ஆனாலும் எங்கள் தெருவில் யார் வீட்டு டிவி ரிமோட் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய் பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு, படிப்பு வீண்போகவில்லை என்ற முகத்தோடு திரும்பி வருவேன்.

அப்போது எங்கள் தெருமுனையில் செந்தில் அண்ணன் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார். அங்கேதான் எனக்கு மெயில் ஐடி பிறந்தது. அதை நான் ஒரு பட்டம்போல நடத்தினேன். திரையில் 'இலவசம்' என்று எது மின்னினாலும் அங்கே என் ஐடியைக் கொடுத்தேன். இலவச ரிங்டோன் (என்னிடம் செல்போன் கிடையாது), இலவச ஜாதகம் (நாங்கள் கிறிஸ்தவர்கள்), வழுக்கைக்கு இலவச ஆலோசனை (எனக்கு இடுப்பு வரை முடி), எதையும் விட்டுவைக்கவில்லை. பலனாக, தினமும் என் பெட்டி நிரம்பி வழிந்தது. அதில் பாதி குப்பை என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம்மை மதித்து எழுதுகிறார்கள் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து, இன்றைக்கு எனக்கு எக்கச்சக்கமான மெயில் என்று சொல்லும்போது ஒரு கலெக்டரின் களைப்பு என் குரலில் இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெயில் ஐடி திறக்கும்போது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்பான். நமக்கு ஏது கடைசிப் பெயர்? எல்லாரையும்போல அப்பா பெயரைப் போட்டேன். ஸ்டெல்லா பீட்டர். பீட்டர் மகள் ஸ்டெல்லா. நம் ஊரில் அதற்கு அதுதான் அர்த்தம்.

ஒருநாள் ஒரு வெளிநாட்டு வக்கீல் எழுதியிருந்தார். ராபர்ட் பீட்டர் என்ற கோடீஸ்வரர் விமான விபத்தில் இறந்துவிட்டார். பெண்டாட்டி பிள்ளை இல்லை. உங்கள் பெயரிலும் பீட்டர் இருப்பதால் சொத்து முழுவதும் உங்களுக்கே சேரும், உடனே பதில் எழுதவும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் நின்றுகொண்டே தமிழில் வாசித்துக் காட்டினேன். அம்மா குழம்புக் கரண்டியோடு அசையாமல் கேட்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"அவன் பேரு என்னன்னு சொன்ன?" என்றார்.

"ராபர்ட் பீட்டர்."

"நீ ஸ்டெல்லா பீட்டர். பீட்டர் மக. அப்ப அவன் யாரு?"

அப்பா வாயருகே கொண்டுபோன உருண்டை அங்கேயே நின்றது. வெள்ளைக்காரர்களிலும் பீட்டர் உண்டு என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். உலகத்தில் அம்புட்டு வீடு இருக்கும்போது அந்த வக்கீல் நம் வீட்டைத் தேடி ஏன் எழுதுகிறான் என்று அம்மா கேட்டார். நான் படித்தவள் அல்லவா? வெளிநாட்டில் கடைசிப் பெயர் அப்பா பெயர் இல்லை, அது வம்சத்தின் பெயர் என்று விளக்கினேன்.

"அப்ப ஒரே வம்சம்னு நீயே சொல்ற," என்றார் அம்மா.

அப்பா உருண்டையைத் தட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

அம்மாவோடு கல்யாணமாவதற்கு முன்பு, வாத்தியார் வேலை கிடைக்கும் வரை, அப்பா பம்பாயில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதினார். அந்தக் காலத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. கணக்கெழுதியதில் பேச என்ன இருக்கிறது? ஆனால் அன்று சாயங்காலம் அந்தப் பேசாமையே பெரிய சாட்சியாகிவிட்டது. "பம்பாய்ல என்னதான் செஞ்சீக?" என்று அம்மா கேட்க, கணக்குப் பார்த்தேன் என்று அப்பா சொல்ல, அந்தக் கணக்கைத்தான் கேட்கிறேன் என்று அம்மா சொல்ல, அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் நான் பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டேன்.

சும்மா போகவில்லை. சண்டையைத் தீர்த்துவைக்கும் நல்லெண்ணத்தோடு போனேன். வக்கீலுக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். இறந்தவரின் வயது என்ன, தாயார் பெயர் என்ன, ஞானஸ்நானம் எந்தக் கோயிலில், போட்டோ உண்டா என்றெல்லாம் கேட்டேன். (அந்த வக்கீலின் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு கிராக்கி வந்திருக்கவே மாட்டாள்.) மறுநாளே பதில் வந்தது. வயது முப்பத்திரண்டு. தாயார் பற்றித் தகவல் இல்லை. போட்டோ இணைக்கப்பட்டுள்ளது. மேற்கொண்டு நடவடிக்கைக்கு உங்கள் தந்தையாரின் வங்கிப் பாஸ்புக் நகலும் கையெழுத்தும் தேவை.

அம்மா விரல்விட்டு எண்ணினார். கணக்கெழுதிய அப்பாவைவிட வேகமாக எண்ணி, நேராக அப்பா பம்பாயில் இருந்த வருடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

போட்டோவில் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மூக்கு அப்படியே அவுக மூக்கு என்று சொல்லி ஒரு மூச்சு அழுதார். அன்று சாயங்காலம் அப்பா கண்ணாடி முன்னால் நின்று தன் மூக்கைத் தடவிப் பார்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தண்டனை தட்டில் தொடங்கியது. முதலில் அப்பாவுக்கு மட்டும் வெஞ்சனம் நின்றது. எங்களுக்கு உருளைக்கிழங்கு, அவருக்கு வெறும் சோறும் குழம்பும். பிறகு அப்பளம் போனது. பிறகு குழம்பு போய் மோர் வந்தது. ஒரு தலைமையாசிரியர் மோர்ச் சோற்றை ஊறுகாய்கூட இல்லாமல் தலைகுனிந்து சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வீடு உடைந்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். ஆனால் மெயில் பொய்யாக இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. அச்சடித்த எழுத்தில் ஒருவன் பொய் சொல்வானா?

பாஸ்புக்கை ஜெராக்ஸ் எடுத்து என் பையில் தயாராக வைத்திருந்தேன். அதை அனுப்பவிடாமல் தடுத்தது அம்மா.

"மொதல்ல பூசை, பெறகுதான் பணம். யார் பெத்த பிள்ளையா இருந்தா என்ன, ஆத்துமா ஆத்துமாதான்," என்றார். இறந்தவனுக்குப் பூசை வைக்காமல் அவன் காசைத் தொடுவது எங்கள் வீட்டில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். எங்கள் வங்கிக் கணக்கைக் காப்பாற்றியது என் படிப்பு அல்ல, அம்மாவின் பக்தி.

கோயில் ஆபீசில் உபதேசியார் இறந்தவர் பெயரைக் கேட்டிருக்கிறார். ராபர்ட். தகப்பன் பெயர்? பீட்டர். எந்தப் பீட்டர் என்று கேட்டதற்கு, நம்ம பீட்டர் வாத்தியார்தான் என்று அம்மா சொல்லிவிட்டு வந்துவிட்டார். அப்பாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. அவரிடம் பேசுகிற நிலையில் அம்மா இல்லை. சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கம் முதல் வரிசையில், வாசகம் வாசிக்கத் தயாராக வெள்ளைச் சட்டையில் அப்பா. சாமியார் மைக்கில், அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தார். ஒரு கல்யாண நாள். ஒரு ஆபரேஷன் சுகம். அடுத்தது: "தலைமையாசிரியர் திரு. பீட்டர் அவர்களின் மகன் ராபர்ட்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. வேண்டுவோர், திருமதி லூர்து மேரி."

கோயில் மொத்தமும் அப்பா பக்கம் திரும்பியது. ஒரே மகளைப் பெற்றவர் என்று இருபத்திரண்டு வருடமாக ஊருக்குத் தெரியும். நான் முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டேன். தரை பிளந்தால் முதல் ஆளாக உள்ளே குதிக்கத் தயாராக இருந்தேன்.

கொடுமை என்னவென்றால், சற்று நேரத்தில் முதல் வாசகத்துக்கு அப்பா மேடையேற வேண்டும். ஏறினார். மைக்கைப் பிடித்தார். நாலு வரி வாசிப்பதற்குள் குரல் கம்மியது. கோபத்தில் கம்மியது என்று எனக்குத் தெரியும். மகனை இழந்த தகப்பனின் துக்கம் என்று ஊர் நினைத்தது. பின்வரிசையில் இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலில் வரிசை. ஒவ்வொருவராக வந்து அப்பாவின் கையைப் பிடித்துத் தைரியம் சொன்னார்கள். இம்புட்டு நாளாகப் பிள்ளையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஒரு பெரியவர் வெள்ளந்தியாகக் கேட்டார். அப்பா எல்லாரையும் கும்பிட்டபடியே நின்றார்.

கடைசியாக வந்தவர் பக்கத்துத் தெரு ஜெயராஜ் சார், கல்லூரியில் பாடம் நடத்துபவர். அப்பாவை ஓரமாக அழைத்துப் போனார். பாஸ்புக் நகல் இருந்த பையை அணைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

"சார், தம்பி ராபர்ட்டு வெமான விபத்துலயா?"

"ஆமா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஜெயராஜ் சார் சுற்றும் முற்றும் பார்த்தார். "எங்கப்பா பேரும் பீட்டர்தான் சார். எனக்கும் அவன் தம்பின்னு மெயில் வந்திருக்கு."

அப்பா கும்பிட்ட கையை இறக்கினார்.

"எங்கப்பா போயி பத்து வருசமாச்சு," என்றார் ஜெயராஜ் சார். "செத்த மனுசனை ஒரு வாரமா மனசுக்குள்ள வையிறேன் சார்."

இரண்டு பீட்டர்களுக்கு ஒரே மகன் இருக்க முடியாது என்பது கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த என் மூளைக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அம்மா நின்ற இடத்துக்குப் போய், ஜெயராஜ் சாரை முன்னால் நிறுத்தி, சொன்னதை மறுபடியும் சொல்ல வைத்தார். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப மூக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அன்று எங்கள் வீட்டில் மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. சீரகச் சம்பாவில் மட்டன் பிரியாணி வந்தது. பெரிய துண்டுகள் எல்லாம் அப்பா தட்டில் இருந்தன. எனக்கு மோர்ச் சோறு, ஊறுகாய் இல்லாமல்.

மறுநாள் செந்தில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கேபின்களில் திரைச்சீலை விலகித் தலைகள் எட்டிப் பார்த்தன. சிரித்து முடித்துவிட்டுப் பாடம் நடத்தினார். முன்பின் தெரியாதவனுக்குப் பதில் போடாதே. பதில் போட்டால் இங்கே ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பாஸ்புக், கையெழுத்து எதுவும் அனுப்பாதே. இலவசம் என்று கண்டால் ஐடியைக் கொடுக்காதே. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒன்றை வைத்துக்கொள். நல்ல பாடம்தான், கொஞ்சம் தாமதம். அதற்குள் ராபர்ட்டின் கூட்டாளிகள் கிளம்பிவிட்டார்கள். ஒரு ராணுவத் தளபதியின் விதவை, பதவியிழந்த இளவரசர், சாகக் கிடந்த எண்ணெய் வியாபாரி என்று தினமும் எனக்கு எழுதினார்கள். கடைசியில் அந்த ஐடியையே கைவிட்டேன்.

போட்டோவைக் கிழிக்க அம்மா விடவில்லை. பூசை வைத்த படத்தைக் கிழிக்கக் கூடாதாம். அது இன்னமும் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் சிரித்துக்கொண்டிருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு அம்மா வாங்கும் மெழுகுவர்த்தியில் ஒன்று எப்போதும் கூடுதல். யாருக்கென்று நாங்கள் கேட்பதில்லை.

வேண்டாத மெயிலும் மெசேஜும் எங்கள் வீட்டில் இன்றுவரை 'அண்ணன்'தான். என் கணவர்கூட, உங்க அண்ணன் லோன் தர்றானாம் என்றுதான் போனை நீட்டுவார். போன மாதம் அப்பாவுக்கே ஒரு அழைப்பு. ஏடிஎம் கார்டு முடங்கப்போகிறது, நம்பரைச் சொல்லுங்கள் என்று ஒருவன் அவசரப்படுத்துவது ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. நான் பதறிப்போய் எழுந்தேன். அப்பா கையமர்த்திவிட்டு, அவன் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, காணாமல் போன பிள்ளையிடம் பேசுகிற பாசத்தோடு சொன்னார்:

"ஏப்பா ராபர்ட்டு, நீ இன்னும் போகலையா? உனக்குத்தான் அன்னைக்கே பூசை வச்சாச்சே."