மெஷினுக்கு மதியத் தூக்கம்

பிரேக் வாத்தியார் காலையில் பல் துலக்கிய கையோடு ஒரு சபதம் செய்தார். அவர் இதுவரை செய்த சபதங்களை வரிசையில் நிறுத்தினால் தெருமுனையைத் தாண்டும். நிறைவேறிய சபதங்கள் நிற்பதற்கு வாசல் மிதியடியே தாராளம்.

"இந்தக் கம்ப்யூட்டரை நான் மாத்தமாட்டேன். கம்பெனிக்காரன் தலைகீழா நின்னாலும் மாத்தமாட்டேன்!"

"அவன் ஏங்க தலைகீழா நிக்கணும்?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஒரு சேதி அனுப்பியிருக்கான் பாரு. உங்க கம்ப்யூட்டர் பழசு, இதுக்கு இனிமே அப்டேட் கிடையாது, புதுசு வாங்கிக்கோங்கன்னு. என்ன கொழுப்பு!"

"பழசுதானே?"

"பழசுன்னா? நம்ம கல்யாணம்கூடத்தான் பழசு!"

"அதுக்கும் அப்டேட் வந்து ரொம்ப நாளாச்சுங்க."

வாத்தியாரின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. இதற்கு ஒரு விளக்கம் தேவை. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக். எத்தனையோ பால்காரர்களையும், எத்தனையோ மதில் சுவர்களையும் காப்பாற்றிய கால் அது. அந்தப் பழக்கத்தில், வீட்டில் மனைவி எதிர்த்துப் பேச வாயைத் திறந்தாலே கால் தானாகத் தரையை அழுத்தும். தரையில் பிரேக் எதுவும் கிடையாது என்பதால் மனைவி நின்றதே இல்லை.

"அப்ப முன்னறை?" என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே வந்து.

கேள்வி இதுதான். அந்த வீட்டில் காற்று, வெளிச்சம், தாழ்ப்பாள் மூன்றும் ஒழுங்காக இருந்த ஒரே அறை முன்னறை. அதில் கம்ப்யூட்டர் குடியிருந்தது. மனைவி காலையில் நூலகத்தில் வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் அஞ்சல் வழியில் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பதெல்லாம் சாப்பாட்டு மேசையில். தட்டு வந்தால் புத்தகம் எழுந்திருக்க வேண்டும். பாடப்புத்தகத்தின் மூன்றாவது அத்தியாயம் முழுக்கக் குழம்பு வாசனை. முன்னறையில் ஒரு மூலை கிடைக்குமா என்று அவள் கேட்டபோதெல்லாம், 'மெஷினுக்குத் தூசி ஆகாது' என்று வாத்தியார் மறுத்துவிட்டார்.

"அந்த மெஷின் ஓடுற வரைக்கும் முன்னறை அதுக்குத்தான். அதை ஓட வெக்கிறவங்களுக்குத்தான்."

"ஓட வெக்கிறவங்களுக்கா?"

"ஆமா."

"அது யாரா இருந்தாலும்?"

"வேற யாரு இருக்கா இந்த வீட்டுல? நான்தான்!"

"சரிங்க," என்றாள் மனைவி. இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னால் சுதாரித்துக்கொள்ள வேண்டும் என்று வாத்தியாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சபதத்தைக் கேட்டுத்தானோ என்னவோ, மெஷின் படுத்துவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து, உடுத்து, காபி குடித்து, அடுத்த வீட்டுக்காரரோடு அரசியல் பேசி முடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. யாருக்கு எப்போது வகுப்பு என்ற விவரமெல்லாம் அதற்குள்தான். இரண்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் வந்து ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்த நாளும் உண்டு.

"இதுக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியும்," என்றார் வாத்தியார்.

"என்னங்க?"

"வேலைப்பளு. கார் சூடானா நிழல்ல நிறுத்தறோம் இல்ல? அதேதான். இன்னியிலிருந்து மெஷினுக்கு மதியம் முழுக்க ஓய்வு. நான் வகுப்பு முடிஞ்சு வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"கம்ப்யூட்டர் தூங்குமாங்க?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ புத்தகம் அடுக்கு."

கம்ப்யூட்டர் மேல் துண்டு போர்த்தினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில், 'மெஷின் ஓய்வு நேரம். தட்டாதே. பேசாதே. உள்ளே வராதே' என்று எழுதிக் கதவில் தொங்கவிட்டார். பிறகு நிம்மதியாக மதிய வகுப்புக்குப் போனார். அவர் கார் தெருமுனை திரும்பும் நேரத்துக்குத்தான் மனைவி நூலகத்திலிருந்து வீடு திரும்புவாள் என்பதை இங்கே ஒரு தகவலாகச் சொல்லிவைக்கிறேன்.

சில நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் வாத்தியார் பொத்தானை அழுத்தினார். வழக்கம்போலக் குளிக்கக் கிளம்பினார். அறை வாசலைத் தாண்டுவதற்குள், 'டிங்' என்றது. திரும்பிப் பார்த்தால் திரையில் அவரே காரில் சாய்ந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வழக்கமாக வைத்திருக்கும் படம்தான். மெஷின் எழுந்துவிட்டது!

"இங்க வா! ஓடி வா! பார்த்தியா? ஓய்வு! நான் சொன்ன ஓய்வு!"

"ஆச்சரியமா இருக்குங்க," என்றாள் மனைவி. அவள் முகத்தில் ஆச்சரியத்தைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது.

"என்ன, இந்தச் சின்னப் படமெல்லாம் கொஞ்சம் வேற மாதிரி தெரியுதே? வட்டமா இருந்த ஞாபகம். இப்ப சதுரமா இருக்கு."

"கண்ணாடியைத் துடைங்க."

துடைத்துப் போட்டுக்கொண்டார். சதுரம் சதுரமாகவே இருந்தது. ஆனால் பளிச்சென்று இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தால் யார் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

அதற்குப் பிறகு வாத்தியாரைப் பிடிக்க முடியவில்லை. காரில் மாணவர் எதிரே வரும் லாரியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கும்போதும், "என் மெஷின் இருக்கே..." என்று ஆரம்பித்தார். மாடிப்படியில் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் வசமாக மாட்டினார். கடைக்காரர் அதே குடியிருப்பில் மேல்மாடிவாசி. புதுக் கம்ப்யூட்டர் விற்பவர்.

"வாத்தியாரே, கம்பெனி கைவிட்ட மெஷினை வெச்சுக்கிட்டு வீம்பு பண்றீங்களாமே?"

"வீம்பு இல்லய்யா. வித்தை."

"இன்னிக்கு ஓடும். நாளைக்கு நடுத்தெருவுல நிக்கும்."

"நிக்காது. வர்ற ஞாயித்துக்கிழமை குடியிருப்புக் கூட்டத்துக்கு எடுத்துட்டு வர்றேன். எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டறேன். நீங்களும் வாங்க."

ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கூடம் நிரம்பியிருந்தது. வழக்கமாகத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்குப் பாதி நாற்காலி காலியாக இருக்கும். இன்று நிற்கவும் இடமில்லை. வாத்தியார் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தார். திரை, விசைப்பலகை, வயர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மனைவி பின்னால் வந்தாள்.

கடைக்காரர் நியாயமாகவே பேசினார். "எத்தனை வருஷத்துக்குத்தான் ஒரு கம்பெனி பழைய மெஷினை எல்லாம் கட்டி அழும்? ஒவ்வொரு பழைய மாடலுக்கும் தனித்தனியாச் சோதிக்க ஆள் வேணாமா? அப்டேட் நின்னா ஓட்டை விழும். ஓட்டை வழியாத் திருடன் வருவான். பிரேக் இல்லாத காரை ரோட்டுல விடுவீங்களா, வாத்தியாரே?"

கூடம் கொல்லென்று சிரித்தது. பிரேக் வாத்தியாரிடமே பிரேக்கைப் பற்றிக் கேட்டுவிட்டார்! வாத்தியார் எழுந்தார். கால் தரையை ஒரு முறை அழுத்தியது.

"பிரேக் போனா பிரேக்கை மாத்துவேன். காரை ஏன்யா மாத்தணும்? எஞ்சின் நல்லா இருக்கு. சக்கரம் நல்லா இருக்கு. புது பிரேக்கும் இருக்கு, ஆனா உன் காருக்கு மட்டும் தரமாட்டேன், அதைக் குப்பையில போட்டுட்டு எங்கிட்டயே புதுக் கார் வாங்குன்னு சொல்றவன் மெக்கானிக்கா?"

கைதட்டல் எழுந்தது. ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர், "எங்க வீட்டுலயும் நல்ல கம்ப்யூட்டரு சும்மா கிடக்குது," என்று கண் கலங்கினார். வாத்தியாருக்கு நெஞ்சு விம்மியது. சட்டைப் பொத்தான் தாக்குப்பிடித்தது அதிர்ஷ்டம்.

"கம்பெனி கைவிட்டதை நான் கைவிடலை. ஒரு அப்டேட் இல்லாம, என் கைராசியில ஓடுது. எங்க வீட்டுல ஒரு சட்டம். மெஷினை ஓட வெக்கிறவங்களுக்கு முன்னறை! இதோ, எல்லார் முன்னாடியும் சொல்றேன்!"

மூன்றாவது வரிசையில் மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பொத்தானை அழுத்தினார். 'டிங்'. திரையில் காரும் வாத்தியாரும் சிரித்தார்கள். கூடம் வாயைப் பிளந்தது. கடைக்காரர் தோல்வியைப் பெருந்தன்மையாக ஒப்புக்கொள்பவர்தான். ஆனால் தொழில்காரர். "ஒரு நிமிஷம்," என்று மவுஸைப் பிடித்து எதையோ திறந்தார். கண்ணைச் சுருக்கினார்.

"வாத்தியாரே, ஒரு அப்டேட்கூட இல்லன்னீங்களே?"

"இல்ல!"

"கடைசி அப்டேட், நேத்து மதியம்னு போட்டிருக்கே?"

"என்னது?"

"அது மட்டுமில்ல. இதுல ஓடுறது கம்பெனியோட சிஸ்டமே இல்ல. அதைச் சுத்தமா எடுத்துட்டு வேற ஒண்ணைப் போட்டிருக்காங்க. ரொம்ப நேர்த்தியாப் போட்டிருக்காங்க. உங்க போட்டோ உட்பட இருந்த இடத்துலயே வெச்சிருக்காங்க."

எல்லாரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள்.

"என் மெஷின்ல யாரு கைவெச்சது?" என்று வாத்தியார் முழங்கினார்.

"நான்தாங்க," என்றது மூன்றாவது வரிசை.

"நீயா? எப்ப?"

"அது தூங்குற நேரத்துல."

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. அவள் எழுந்து நின்று சொன்னாள். நூலகத்திலும் இதே சேதி வந்ததாம். புதிது வாங்க வழியில்லை. உலகம் முழுக்க யார் யாரோ சேர்ந்து, பழைய மெஷினும் தாங்கும்படி ஒரு சிஸ்டத்தை எழுதிச் சும்மாவே தருகிறார்களாம். அதைப் போடக் கற்றுக்கொண்டு, நூலகத்தின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அவளே எழுப்பினாளாம்.

"கம்பெனி பார்த்துக்கணும்னு இவர் சொல்றது நியாயம்தான். தரவேண்டியவங்க தரணும். ஆனா அவங்க தர்ற வரைக்கும் மெஷினைத் துண்டு போர்த்தியா வெக்க முடியும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார் வாத்தியார், பாதிக் குரலில்.

"சொன்னா தொட விட்டிருப்பீங்களா?"

கோபம் வர வேண்டிய இடம் இது. வந்தது, பாதி வழியில் நின்றுவிட்டது. கடைக்காரர் சோதிப்பதுபோல அவளிடம் ஏதோ கேட்டார். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். கடைக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நர்ஸம்மா, "எங்க வீட்டுதையும் பார்க்கிறியாம்மா?" என்று அவள் கையைப் பிடித்தார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது. வாத்தியார் ஓர் ஓரமாக நின்று பார்த்தார். கார் ஓட்டப் பயந்த எத்தனையோ பேரைத் தெருவில் இறக்கிவிட்டுப் பெருமைப்பட்டிருக்கிறார். அந்தப் பெருமையெல்லாம் இதற்கு உறை போடக் காணாது. பக்கத்தில் நின்றவரிடம், "என் சம்சாரம்," என்றார். அவர் பன்னிரண்டு வருடமாக எதிர்வீட்டில் இருப்பவர். ஆனாலும் வாத்தியார் இன்னொரு முறை சொன்னார்.

"அப்ப முன்னறை, வாத்தியாரே?" என்றார் கடைக்காரர் குறும்பாக.

எல்லாத் தலைகளும் திரும்பின. வாத்தியார் மார்பை நிமிர்த்தினார்.

"சொன்னா சொன்னதுதான். ஓட வெச்சது அவ. மெஷினும் அவளுக்கே, முன்னறையும் அவளுக்கே!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தானம் கொடுத்த வள்ளல் மாதிரி வாத்தியார் நாலு பக்கமும் கும்பிட்டார். இரவெல்லாம் அந்தக் கைதட்டல் காதில் ஒலிக்க, சிரித்துக்கொண்டே தூங்கினார்.

மறுநாள் மதியம் மாணவர் ஒருவர் வரவில்லை. அடுத்த வகுப்பு யாருக்கு என்று பார்க்க வாத்தியார் வீட்டுக்கு வந்தார். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கதவிடுக்கில் காற்று வந்தது. அடுத்தடுத்துப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு மேசைக்கு அவருடைய பேனாவும் கண்ணாடிக் கூடும் பத்திரமாக இடம் மாறியிருந்தன.

தட்டினார். இன்னொரு முறை தட்டினார். வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"ஷ்ஷ்... கதவுல நீங்களே எழுதித் தொங்கவிட்டதைப் படிங்க," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "மெஷின் தூங்குது."