சாரதி சாமியின் கண்கட்டு லைசென்ஸ்

தொண்ணூற்றெட்டாம் வருஷம், கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற பஸ்களில் கண்டக்டர்கள் ஒரு புது நிறுத்தத்தைக் கூவ ஆரம்பித்தார்கள்.

"சாரதி சாமியெல்லாம் எறங்கு!"

அங்கே ஊர் கிடையாது. பருத்தி எடுத்து முடிந்து, வெடித்துக் கிடக்கிற கரிசல் காடு. நடுவில் ஒரு பொட்டல். பொட்டலின் ஓரம் முழுக்க வேலிக்கருவை. ஆனால் வெள்ளிக்கிழமையானால் பாதி பஸ் அங்கே காலியாகிவிடும். பூக்கடை வந்தது. சர்பத் கடை வந்தது. பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் பல வருஷமாக மனுக் கொடுத்தும் வராத மின்கம்பம், சாமியின் ஒலிபெருக்கிக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

மற்ற சாமிகள் பிள்ளை வரம் கொடுப்பார்கள், பேய் ஓட்டுவார்கள். இந்தச் சாமி கொடுப்பது வெளிநாட்டு டிரைவிங் லைசென்ஸ். துபாயா, குவைத்தா, மஸ்கட்டா, நாட்டின் பெயரைச் சொன்னால் போதும். அந்த நாட்டுப் போலீஸ்காரரின் மனசை இந்தப் பொட்டலில் இருந்தபடியே இளக்கிவிடுவார். குருக்ஷேத்திரத்தில் தேர் ஓட்டியவனே தன் உடம்பில் வந்து உட்காருகிறான் என்பது அவர் வாக்கு. தேர் ஓட்டியவனுக்குக் கிளட்ச் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பக்தி என்ன ஆவது?

அந்தக் கூட்டத்தில்தான் இசக்கிராஜாவும் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவோடும் மனைவியோடும் போய் நின்றான்.

இசக்கிராஜா துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் டீ கொடுக்கிற, பார்சல் தூக்குகிற ஆள். லைசென்ஸ் வாங்கினால் வேன் டிரைவர் வேலை. வாங்காவிட்டால் அடுத்த தடவை விசாவைப் புதுப்பிக்க முடியாது என்று மேனேஜர் சொல்லித்தான் லீவில் அனுப்பியிருந்தார். இத்தனைக்கும் ஊரில் வருஷக்கணக்காக லோடு வேன் ஓட்டியவன். டிரம்களுக்கு நடுவே பின்னால் எடுக்கிற டெஸ்ட், மேட்டில் நிறுத்தி எடுக்கிற டெஸ்ட் இரண்டிலும் சுலபமாகத் தேறிவிட்டான். ரோட்டு டெஸ்டில்தான் வினை. போலீஸ் அதிகாரி பக்கத்தில் உட்காருவார். கொஞ்ச தூரம் போய் ஒரு ரவுண்டானாவைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொல்லுவார். தாளில் ஏதோ கிறுக்குவார். இறங்கு என்று கையைக் காட்டுவார். காரணம் கேட்க இவனுக்கு அரபி வராது. எத்தனை தடவை தோற்றோம் என்று எண்ணுவதை அவன் எப்போதோ நிறுத்திவிட்டான். கூடத் தங்கியிருந்தவர்கள் நிறுத்தவில்லை.

"ஒனக்கு நேரஞ் சரியில்லய்யா" என்றாள் அவன் அம்மா முத்துமாரியம்மாள். "மேலத்தெரு செண்பகராஜ் இந்தச் சாமிகிட்ட வந்து போயித்தான பாஸானான்?"

செண்பகராஜ் வந்து போனதும் உண்மை, பாஸானதும் உண்மை. வந்து போயும் பாஸாகாதவர்கள் இன்னும் வெளிநாட்டிலேயே மூட்டை தூக்கிக்கொண்டிருந்ததால், ஊருக்கு வந்து சாட்சி சொல்ல ஆளில்லை.

சாமி வந்தார். காவி வேட்டி, மார்பில் உருத்திராட்சம், கையில் ஜீப் சாவி. அவருடைய சீடன் கோபாலசாமி மைக்கைப் பிடித்தான்.

"கண்ணக் கட்டிக்கிட்டு ஜீப் ஓட்டுத சாமி! கண்ணு தெறந்திருக்க ஒங்களுக்கு லைசென்ஸ் வாங்கித் தரமாட்டாரா? சந்தேகப்படுதவுக முன்னால வாங்க, நீங்களே கட்டுங்க!"

சாமியின் இரண்டு கண்களிலும் பிசைந்த கோதுமை மாவை உருண்டையாக அப்பினார்கள். அதன்மேல் பஞ்சு. பஞ்சின்மேல் மடித்த கறுப்புத் துணி. முடிச்சுப் போட்டவன் இசக்கிராஜாதான். அவன் இறுக்கிய இறுக்கில் சாமியின் காது சிவந்தது.

ஜீப் கிளம்பியது. பொட்டலில் நிறுத்தியிருந்த தார் டிரம்களுக்கு நடுவே வளைந்தது, நெளிந்தது, எட்டுப் போட்டது. தரையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். இசக்கிராஜாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டியே தோற்கிறவனுக்குப் புல்லரிக்காமல் என்ன செய்யும்?

கண்கட்டை அவிழ்த்த சாமி நேராக அவனைப் பார்த்தார்.

"ஒன் ஸ்டியரிங்குல சனி ஏறி உக்காந்திருக்கான். அடுத்த வெள்ளி விசேஷ பூசை. பொண்டாட்டி காதுல கெடக்குறதக் கழத்திச் சக்கரத்தடியில வையி. ரோட்டு டெஸ்டு ஒன் காலடியில கெடக்கும்."

எல்லாச் சனியும் கடைசியில் பெண்டாட்டியின் கம்மலில்தான் வந்து நிற்கிறான். அது என்ன கிரக அமைப்போ.

அவன் மனைவி ஜெயப்பிரியா காதைத் தடவிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மத்தியானம் முத்துமாரியம்மாள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கோதுமை மாவைப் பிசைந்தாள்.

"என்னட்டி, சப்பாத்தியா?" என்றான் இசக்கிராஜா.

"ஒங்க கண்ணுக்கு. உக்காருங்க."

"ஏட்டி, வெளையாடாத. தெய்வக் குத்தமாயிரும்."

"சப்பாத்தி மாவுல என்ன தெய்வக் குத்தம்? உக்காருங்கன்னா."

மாவை அப்பினாள். பஞ்சை வைத்தாள். துணியைக் கட்டி, அவனைவிடவும் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இப்பம் என்ன தெரியுது?"

"ஒரே இருட்டு."

"நாடிய மேல தூக்குங்க. வானத்தப் பாக்குத மாதிரி. அந்தச் சாமி ஜீப்புல அப்படித்தான உக்காந்திருந்தாரு? சளி பிடிச்சவன் மூக்க உறிஞ்சுத மாதிரி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு?"

இசக்கிராஜா முகத்தை உயர்த்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ஒன் மெட்டி தெரியுது."

"பெறவு?"

"தரை தெரியுது. நடவாசல் தெரியுது. அங்கன ஒரு கோழி போகுது."

மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தை எந்த மாவும் அடைக்கவில்லை. அந்த இடுக்கு வழியாகக் கோழியே தெரிகிறது, தார் டிரம் தெரியாதா? அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் பயம் வந்தது. சாமியும் பொய் என்றால், விசாவுக்கு யாரைப் பிடிப்பது?

"கம்மலத் தரமாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிரு" என்றான்.

"நான் ஏன் சொல்லணும்? தாரேன். ஆனா சாமி எனக்காவ ஒரே ஒரு தடவ ஓட்டிக் காட்டட்டும்."

கறுப்புக் காடாத் துணியை இரட்டையாக மடித்து அவள் ஒரு பை தைத்தாள். தலையில் கவிழ்த்தால் கழுத்துவரை வரும். மூச்சு விடலாம். வேறொன்றும் முடியாது.

வெள்ளிக்கிழமை பொட்டலில் கூட்டம் இரு மடங்கு. சாமிக்கு மாவு அப்பியாயிற்று, துணி கட்டியாயிற்று. இசக்கிராஜா பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். 

"சாமி, இதையும் மேல மாட்டிக்கிடுங்க. தேரோட்டுனவருக்குத்தான் கண்ணே வேண்டாமே."

மைக்கில் கோபாலசாமி இருமினான். "அதெல்லாம் ஆகமத்துல கெடையாது."

"ஜீப்பு ஆகமத்துல இருக்கா அண்ணாச்சி?" என்று கூட்டத்திலிருந்து ஜெயப்பிரியா கேட்டாள். நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

"அவ சொல்லுததும் சரிதான? மாட்டட்டும், சாமிக்கு என்ன?" என்று பக்தர்களே கத்த ஆரம்பித்தார்கள். பாவம், அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். சாமிக்கு அதுதான் இடைஞ்சலாகப் போனது. நம்பாத ஒருத்தியைத் திட்டி விரட்டிவிடலாம். நம்புகிற ஆயிரம் பேரை என்ன செய்ய?

இசக்கிராஜா எல்லோரையும் பொட்டலுக்கு வெளியே இருந்த மேட்டுப் பக்கம் ஒதுக்கிவிட்டுப் பையை மாட்டினான்.

ஜீப் கிளம்பியது. முதல் டிரம்மில் இடித்தது. "சோதிக்குதாரு!" என்றது கூட்டம். இரண்டாவது டிரம்மை உருட்டித் தள்ளியது. இந்தத் தடவை கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஜீப் திரும்பி, மாட்டு வண்டி வேகத்தில் சர்பத் கடையைப் பார்த்துப் போனது.

"ஏய்! என் பாட்டிலு! எங்கன வாரீரு?" என்று கடைக்காரர் அலறினார்.

அலறல் காதில் விழுந்ததும் சாமி ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்தார். அடுத்த நொடி இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, பை, துணி, பஞ்சு, மாவு எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் பிய்த்து எறிந்தார். ஜீப் நேராக வேலிக்கருவைக்குள் போய்ச் சொருகி நின்றது. சாமியின் கண் ஒன்று முழுசாக விழித்திருந்தது. இன்னொன்றில் மாவு ஒட்டியிருந்தது.

இசக்கிராஜா ஓடிப்போய் முள்ளை விலக்கினான். "எதுக்கு சாமி அவுத்தீரு? கண்ணு தேவையில்லன்னீரே?"

"முள்ளு குத்துதுப்பா, மொதல்ல என்னயத் தூக்கு" என்றார் சாமி. தேரோட்டியின் குரல் போய், சாதாரண மனுஷக் குரல் வந்திருந்தது.

வெளியே இழுத்துப் போட்டதும் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஓட வழியில்லை.

"என் பேரு சோலை. பொருட்காட்சியில மேஜிக் ஷோல இருந்தேன். இதே வித்தைதான். அங்கன டிக்கெட்டு வாங்க ஆள் இல்ல. இங்கன திருநீறு பூசுனேன், நீங்களா வந்தீங்க. நானா கூப்பிட்டேன்?"

அவர் சொன்னதிலேயே உண்மையான வாக்கு அது ஒன்றுதான். அதற்குத்தான் ஜனங்களுக்குக் கோபம் வந்தது. போலீஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. கோபாலசாமி அதற்கு முன்பே ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டான். முத்துமாரியம்மாள் மட்டும், பொம்பளை தைத்த பை பட்டதால்தான் தெய்வம் இறங்கிப் போய்விட்டது என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் ஜெயப்பிரியா நடுவீட்டில் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "இதுதான் நீங்க சொல்லுத ரவுண்டானா. அங்க வண்டியெல்லாம் எந்தப் பக்கம் போவும்?"

"வலது பக்கம்."

"சரி. நீங்க ரவுண்டானாவுக்குள்ள போகையில எந்தப் பக்கம் பாப்பீங்க?"

இசக்கிராஜா ஒரு தீப்பெட்டியைச் சட்டிவரை தள்ளிக்கொண்டு போனான். தன்னையறியாமல் தலை வலது பக்கம் திரும்பியது. அவள் இடது பக்கத்திலிருந்து இன்னொரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து நச்சென்று மோதினாள்.

ஊரில் ஓட்டிய பழக்கம். இங்கே வண்டி வலப்பக்கமிருந்து வரும். அங்கே இடப்பக்கமிருந்து வரும். இத்தனை வருஷமாகச் சனி உட்கார்ந்திருந்தது ஸ்டியரிங்கில் இல்லை, கழுத்தில்.

லீவு முடிகிறவரை சட்டியைச் சுற்றினான். துபாய் போனதும் ஓட்டிய முதல் ரோட்டு டெஸ்டில் மறுபடியும் தோற்றான். ஆனால் இந்தத் தடவை, கூட வந்த, அரபி தெரிந்த மலையாளி ஒருவரை விட்டு ஏன் என்று கேட்கச் சொன்னான். கண்ணாடியைப் பார்க்காமல் தடம் மாறினாயாம் என்று பதில் வந்தது. கேட்டால் சொல்லுவார்கள் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. அதற்கடுத்த டெஸ்டில் தேறிவிட்டான். விசாவும் புதுப்பித்தாயிற்று.

எஸ்.டி.டி. பூத்துக்கு வந்த போனில் செய்தி கேட்டு முத்துமாரியம்மாள் அழுதாள். பூத்துக்காரரிடம் சொன்னாள்: "கடம்பூர்ப் பக்கம் ஒரு அம்மா எலுமிச்சம்பழத்துல விசா எடுத்துக் குடுக்காளாம். அவளுக்கு நேந்துக்கிட்டேன். ஒடனே பலிச்சிருச்சு."

இப்போது பஸ்ஸெல்லாம் கடம்பூர்ப் பக்கம் நிரம்பி வழிகிறது. யோசிப்பதற்குக் காணிக்கை கிடையாது, டோக்கன் கிடையாது, வரிசையும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, யோசிக்கிற பக்கம் மட்டும் கூட்டமே கிடையாது.