கிளிப்பு டாக்டரும் குங்குமப் பல்லும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிக் களைத்தவர்கள் ஏராளம். பல்லைச் சுற்றிக் களைத்தவள் நான் ஒருத்திதான். உபயம், எங்கள் கிளிப்பு டாக்டர்.

கோணல் பல்லுக்குக் கம்பி கட்டுவார். அதனால் அந்தப் பெயர். நான் அவர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். கம்பி கட்டுமுன் ஒவ்வொருவர் பல்லையும் பிளாஸ்டரில் அச்செடுத்து வைப்பார். அலமாரி நிரம்பி, என் மேஜைக்கடியிலும் பல்வரிசைகள் குடியேறிவிட்டன. டிஜிட்டல் கேமரா ஊருக்குள் வந்த புதிதில் ஒன்று வாங்கிவந்தார்.

"அச்சை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தா, கம்ப்யூட்டரே சேத்துத் திரையில பல்லு செஞ்சிடும்மா. அப்புறம் அலமாரியே வேணாம்!"

ஸ்டூல்மேல் அச்சு. கேமராவோடு நான் சுற்ற வேண்டும். அதுவும் வலமாகத்தான்.

"இடமா சுத்துனா கம்ப்யூட்டருக்குத் தெரியவா போவுது, டாக்டர்?"

"அதுக்குத் தெரியாது. மேல இருக்கறவருக்குத் தெரியும். சுத்தும்மா."

கால் கடுக்கச் சுற்றியதற்குத் திரையில் வந்தது ஒரு கொழுக்கட்டை. அச்சு முழுக்க ஒரே வெள்ளை. எந்தப் படத்தில் எது எந்த இடம் என்று கம்ப்யூட்டருக்குப் பிடிபடவில்லையாம். டாக்டர் சுவாமி படத்தடியில் இருந்த குங்குமத்தை எடுத்து அச்சின்மேல் தூவினார். "இப்ப அடையாளம் கிடைக்கும். சுத்து."

கிடைத்துத் தொலைத்தது! பல் பல்லாகவே வந்தது. பல்வலியோடு வந்த ஓர் அம்மா ஸ்டூலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அலமாரியில் மீதி இருந்த அச்சுகளைப் பார்த்தேன். வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் ஒருவர் மகளோடு வந்தார். துருத்திய பல்லுக்காகத் துப்பட்டாவால் வாயை மூடியே பேசும் பெண்.

"ஒரு வருசமா கம்பிய மாட்டிக்கினு கஞ்சி குடிக்குது சார். பல்லு இருந்த இடத்துலயேதான் இருக்குது. கழட்டிடுங்க."

பெண்ணின் கண் கலங்கியது. பாதியில் கழற்றினால் பல் பழையபடி போய்விடும் என்று டாக்டர் கெஞ்சினார். அப்பா மசியவில்லை. பழைய அச்சைக் காட்டலாம் என்றால், அலமாரித் தட்டு முறிந்து விழுந்ததில் அது பொடியாகியிருந்தது.

டாக்டர் கம்ப்யூட்டரைப் போட்டார். அச்சு உடையுமுன் நான் சுற்றி எடுத்திருந்த அந்தப் பெண்ணின் பழைய பல்வரிசை குங்குமப் புள்ளிகளோடு மெல்லத் திரும்பியது. அப்பா திரையைப் பார்த்தார். மகளை வாய் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"அடேங்கப்பா, இம்மாம் துருத்திக்கினா இருந்துச்சு! தினம் பாக்கறதுல தெரியலியே... கம்பி இருக்கட்டும் சார்."

அந்தப் பெண் துப்பட்டாவை விட்டுவிட்டு, கம்பி தெரியச் சிரித்தாள்.

அவர்கள் போனதும், வேலையை விடுவதைச் சொல்ல உள்ளே போனேன். டாக்டர் மேஜையில் தலை கவிழ்த்து விசும்பிக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டேம்மா. கழட்டியிருந்தா அந்தப் பொண்ணு என்னாவும்?"

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இந்த மனுஷனை விட்டுவிட்டு நான் எங்கே போவது?