ஆமை புகுந்த வண்டி

"இனிமே அந்தப் பல் டாக்டரோட லாரி, என் லாரியோட முதுகைத்தான் பாக்கணும்! இது சத்தியம்!"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இப்படிச் சபதம் போட்டபோது சாப்பாட்டு மேசைமேல் ஒரு லாரி மல்லாந்து கிடந்தது. முழங்கை நீளம்தான் இருக்கும். ரிமோட்டில் ஓடுகிற பொம்மை லாரி. நாலு சக்கரமும் கூரையைப் பார்க்க, மயக்க ஊசி போட்டுப் படுக்கவைத்த நோயாளி மாதிரி இருந்தது. பக்கத்தில் ஸ்பூன் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. ஊறுகாய்ப் பாட்டில் மூடியில் திருகாணிகள்.

"சபதத்தை அப்பறம் போடலாம். தட்டை எங்க போடறது?" என்றாள் மனைவி.

உண்மையில் லாரி அவருடையதே இல்லை. மகள் குட்டியின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. குட்டி கேட்டது கலர் பென்சில். அப்பா கொண்டுவந்தது லாரி. "இதை ஓட்டினா பிள்ளைக்கு மூளை வளரும்," என்றார். அப்படி வளர்கிற மூளையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், அன்று மாலையிலிருந்து அவரே ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

முதல் நாள் மட்டும் ரிமோட் மனைவி கைக்குப் போனது. அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாய் மடித்து வைத்திருப்பார்களே ஒரு காகிதம், உலகத்தில் யாருமே படிக்காத காகிதம், அதைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். லாரியோடு வந்த சின்னப் புத்தகத்தையும் அப்படியே படித்தாள். ரிமோட்டைத் திருப்பினாள். அடியில் எதையோ தட்டினாள். குட்டியிடம் கொடுத்தாள்.

"பொம்மை ஓட்டறதுக்கு புத்தகமா? அதெல்லாம் தெரியாதவங்க படிக்கறது," என்று சிரித்து, குட்டியின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டார் அவர். வாங்கினது வாங்கினதுதான்.

மேல்மாடிப் பல் டாக்டரும் அதே லாரியை வாங்கியிருந்தார். கேட்டால் "மகனுக்கு" என்பார். மகன் கல்லூரி விடுதியில் தாடி வளர்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கூடுவார்கள். கேட்டிலிருந்து கிளம்பி, மோட்டார் ரூம் சுவரோரம் திரும்பி, மறுபடி கேட்டுக்கு வர வேண்டும். ஒவ்வொரு வாரமும் டாக்டர் லாரி வந்து சேர்ந்து இளைப்பாறிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடிக்காரர் லாரி கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து வரும்.

"என்ன சார், உங்க வண்டிக்குச் சொத்தையா?" என்பார் டாக்டர். "பல்சக்கரத்தைக் கொண்டாங்க, பிடுங்கிடலாம். வலிக்காது."

அந்தச் சிரிப்புதான் சபதத்துக்குக் காரணம்.

வண்டியில் இருக்கிற மோட்டார் சோணங்கி என்று தீர்ப்பாயிற்று. வீரியமான மோட்டார் ஒன்று பார்சலில் கடை விலாசத்துக்கு வந்தது. வீட்டுக்கு வந்தால் கேள்வி வருமே! அதைக் கண்ணாடிக் கூடுகளுக்கு நடுவே வைத்து, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து வீட்டுக்குள் நுழைந்தார்.

"பையில என்னங்க?"

"கண்ணாடிக் கூடு."

"கண்ணாடிக் கூட்டுக்கு எதுக்கு மூணு ஒயரு வெளிய தொங்குது?"

"அது... புது மாடல்."

"ஓ! கண்ணு தெரியாதவங்களுக்கு ஷாக் குடுப்பீங்களா?"

அவருக்குக் காது சிவந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவர் நெஞ்சு குறுகுறுத்ததோடு நிற்கவில்லை, சட்டைக் கையை மடக்கிவிட்டது.

"நீ உக்காரும்மா. நாள் பூரா கடையில நின்னுட்டு வர்ற. பாத்திரத்தை நான் பாத்துக்கறேன்."

மனைவி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த ஞாயிறு அதிசயம் நடந்தது. கண்ணாடிக்காரர் ஜெயித்துவிட்டார்! டாக்டர் வண்டி எதனாலோ அன்று மூச்சு வாங்கியது. "மோட்டார்னா இது மோட்டார்!" என்று அவர் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியும் இரண்டு படியாயிற்று. வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர் அன்று இரண்டு நாற்காலிக்கு நிறைந்து உட்கார்ந்தார்.

அடுத்த வாரமே டாக்டரும் பெரிய மோட்டார் மாட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்காரருக்கு மறுபடி தோல்வி. மோட்டார் மட்டும் பெரிதாய் இருந்து என்ன? யானை வாங்கியாயிற்று, தீனி வேண்டாமா? பெரிய பேட்டரி வந்தது.

இந்தப் பேட்டரியைச் சார்ஜ் போடும்போது தீப்பிடிக்கலாம், கனமான உலோகப் பாத்திரத்துக்குள் வைத்துப் போடுவது நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டிலேயே கனமான உலோகப் பாத்திரம் எது?

"என்னங்க, குக்கர்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு ஒயரு?"

"சும்மா... சூடு பண்றேன்."

"எத்தனை விசில்?"

அன்று குக்கரை அவரே தேய்த்தார். உள்ளே தேய்த்தார், வெளியே தேய்த்தார், விசிலைத் தனியாகத் தேய்த்தார். தேய்த்து முடித்தும் அவள் ஒன்றும் பேசாமல் இருந்ததால் பயந்துபோய், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தார். குட்டியின் சட்டையைக்கூட நாலு மூலையும் ஒட்டிவைத்து மடித்தார். மனைவி காலை நீட்டிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திருப்பும்போது மட்டும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

இப்படி இருக்கும்போதுதான் குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பதவி யாருக்கும் வேண்டாத பதவி. தண்ணீர் வராவிட்டால் செக்ரட்டரி. லிஃப்ட் நின்றால் செக்ரட்டரி. எவர் வீட்டு நாயோ எவர் வீட்டுச் செருப்பையோ தின்றாலும் செக்ரட்டரி. கூட்டத்தில் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராய்ச் சாக்குச் சொல்லிக் கழன்றுகொள்ள, கடைசியில் மிஞ்சினது டாக்டரும் கண்ணாடிக்காரரும்தான்.

"எதுக்குச் சண்டை?" என்றார் டாக்டர். "ஞாயித்துக்கிழமை பந்தயத்துல தோக்கறவர் செக்ரட்டரி. என்ன சார், தைரியம் இருக்கா?"

"இருக்கு!" என்றது கண்ணாடிக்காரர் வாய். மனசு அப்போதுதான் வந்து சேர்ந்தது.

வேர்த்துப்போய் இரும்புப் பல்சக்கரங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். அந்தப் பெட்டி வந்த அன்று குளியலறையைக் கழுவினார். கேட்காமலே கழுவினார்.

ஞாயிறு வந்தது. பால்கனி பால்கனியாய் ஜனம். மனைவியும் டாக்டர் வீட்டு அக்காவும் ஒரே பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டு, எதிரெதிர்க் கட்சி என்றே தெரியாதபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். குட்டி அப்பாவின் காலருகே நின்றது.

லாரிகள் கிளம்பின. ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ஓடின. மோட்டார் ரூம் சுவர் நெருங்கியது. ஒரு விரற்கடை இவர் முன்னே, ஒரு விரற்கடை அவர் முன்னே.

"போ... போ... போடா ராஜா!" பல்லைக் கடித்தார் கண்ணாடிக்காரர்.

"அப்பா, வேகமாப் போகணுமா?"

"ஆமாடி கண்ணு! உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்!"

"அப்ப முயல் வைக்கணும்ப்பா. இது ஆமையில இருக்கு."

"எது?"

குட்டியின் பிஞ்சு விரல் ரிமோட்டின் அடிப்பக்கம் போனது. 'டிக்' என்றது.

பெரிய மோட்டார், பெரிய பேட்டரி, இரும்புப் பல்சக்கரம் மூன்றும் முதல்முறையாக முழு பலத்தோடு கண் விழித்தன. லாரி பின்கால் இரண்டில் எழுந்து நின்றது. கனைக்காததுதான் பாக்கி. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நேரே போய், சுவரில் ஏறி, பாதிச் சுவரில் "நாம் எங்கே போகிறோம்?" என்று யோசித்து, பொத்தென்று மல்லாக்க விழுந்தது. கூண்டு ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், விளக்கு யார் வீட்டுப் பூந்தொட்டியிலோ.

டாக்டர் லாரி பதறாமல் திரும்பி, பொடிநடையாய்க் கேட்டுக்கு வந்து சேர்ந்தது.

டாக்டர் குனிந்து சிதறினதைப் பரிசோதித்தார். "பல் எல்லாம் கெட்டியா இருக்கு செக்ரட்டரி சார். தாடைதான் போச்சு."

வீட்டுக்கு வந்ததும் ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தார் கண்ணாடிக்காரர். அடியில் ஒரு சின்ன சுவிட்ச். ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். கடையில் ஊரையே உட்காரவைத்து "கீழ் வரி தெரியுதா? அதுக்கும் கீழே?" என்று கேட்கிறவர், மூக்குக்கு நேரே பிடித்திருந்த சாமானின் அடியை ஒருநாளும் பார்க்கவில்லை.

"இது எப்பலேருந்து ஆமையில இருக்கு?"

"வாங்கின நாள்லேருந்து. சின்னப் பிள்ளைங்க ஓட்டினா பாதி வேகத்துல வைக்கணும்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு. ஓட்டறது நீங்கன்னு எனக்கு அன்னிக்குத் தெரியாதே."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தாங்க வந்தேன். அன்னிக்குப் பாத்து மோட்டாரோட வந்து பாத்திரம் தேய்ச்சீங்க. சரி, அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். பேட்டரி வந்துச்சு, துணி மடிச்சீங்க. சக்கரம் வந்துச்சு, பாத்ரூம் பளபளன்னு ஆச்சு. நல்லாப் போயிட்டிருக்கற குடும்பத்தை நானே கெடுப்பேனா?"

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க!"

"சொன்னவங்க நம்ம சமையலறையை வந்து பாக்கட்டும்."

அவர் கடைசிப் புகலிடத்துக்கு ஓடினார். "இருக்கட்டும். ஒரு வாரம் அவரை ஜெயிச்சேன்ல? ஆமையிலேயே ஜெயிச்சேன்! அது என் மோட்டார்!"

"அந்த வாரந்தாங்க," என்றாள் அவள் மெதுவாக, "மேல் வீட்டு அக்காவுக்கு அவங்க ரிமோட்ல ஆமை எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்தேன்."

மேலேயிருந்து 'சரக், சரக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வாளி இழுபடும் சத்தம்.

"அது என்ன?"

"டாக்டர் வீடு துடைக்கறார். நேத்து அவருக்கு ஏதோ பெட்டி வந்துச்சாம்."

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். "கேட்டுக்கோ. இந்த வீட்டுக்கு இனிமே ஒரு பெட்டி வராது! மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. நான் யாருக்கும் பயந்து எதுவும் செய்ய வேண்டியதில்லை! தெரியுதா?"

"தெரியுதுங்க. செக்ரட்டரி சொன்னா சரிதான்."

சிங்கம் போலத் திரும்பி நடந்தார். கோபம் ஆறவில்லை. தனக்குள் கர்ஜித்துக்கொண்டே இருந்தார். குக்கரில் அடிப்பிடித்ததைச் சுரண்டி, தேய்த்து, அலசிக் கவிழ்க்கும்போதுதான் அவருக்கு உறைத்தது: இன்றைக்குத்தான் பெட்டி எதுவும் வரவில்லையே!